இது பழைய போர்ட்தான்

கேர்னலைப்போல ஓர் அப்பாவியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு மெஷினுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் எழும்புவது பூட்லோடர் என்ற சின்னப் புரோகிராம். அது மெஷினுக்குள் இருக்கிற சர்க்கிட் போர்டைத் தட்டி எழுப்பி, மெமரியை ஒழுங்குபண்ணி, கேர்னல் என்ற பெரிய புரோகிராமைக் கொண்டுவந்து இருத்தி, அதன் கையில் ஒரு விபரத்தைக் கொடுக்கும். நீ இருப்பது இன்ன போர்ட், இந்தக் கம்பியில் விசிறி இருக்கிறது, அந்தக் கம்பியில் சூடு பார்க்கிற சென்சர் இருக்கிறது, அது இன்ன வகைச் சென்சர். இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பூட்லோடர் போய்விடும். அதற்குப் பிறகுதான் கேர்னல் கண்விழித்து மெஷின் முழுவதையும் பொறுப்பெடுக்கும். தான் எங்கே இருக்கிறோம் என்பது பற்றி அதற்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. சொன்னதை அப்படியே நம்பும்.

கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்த காலத்தில், புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைப் பகிடியாகத்தான் சொல்லிக்கொடுப்பேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பாராமலே ஓம் சொன்ன பெண்ணைப்போல என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இப்போது யாராவது கேட்டால் பகிடி இல்லாமல் விளங்கப்படுத்துகிறேன்.

முதல் பிள்ளை கிடைத்ததும் கொழும்பை விட்டுக் கல்முனைக்கே வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைக் கட்டிக்கொடுப்பது பெண்ணின் வாப்பாவுடைய கடமை. வாப்பா இல்லாவிட்டால் ஆண் சகோதரர்களின் கடமை. எங்கள் வாப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மௌத்தாகிவிட்டார். என் வீட்டைக் கட்டியது காக்கா, என் ஒரே அண்ணன். கட்டாரில் வெயிலில் நின்று கரண்ட் வேலை செய்து, தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, தங்கச்சிக்குத் தளம் போட்ட வீடு ஒன்றைக் கட்டி முடித்த பிறகுதான் ஊருக்கு வந்தார். பிறந்தால் அந்தக் காக்காவுக்குத் தங்கச்சியாகப் பிறக்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், கெட்ட மனிதர் ஒருவர் செய்த வேலையாக இது இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பஸாரில் காக்காவுக்கு மோட்டர், இன்வேர்ட்டர் திருத்துகிற கடை இருந்தது. நான் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து நெல் காயவைக்கும் மெஷின்களுக்குக் கொன்ட்ரோலர் செய்யத் தொடங்கினோம். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து, சூடாக்கியையும் விசிறியையும் கூட்டிக் குறைக்கிற ஒரு பெட்டி, அவ்வளவுதான். போர்ட் வாங்குவது, பெட்டியில் பூட்டுவது, பூட்லோடர் ஏற்றுவது, மில்லுக்குப் போய்ப் பொருத்துவது, ஆட்களோடு கதைப்பது எல்லாம் காக்கா. கேர்னலை அந்தப் போர்டுக்கு ஏற்றபடி திருத்துவதும் அதற்கு மேலே ஓடுகிற எல்லாவற்றையும் எழுதுவதும் நான். பூட்லோடர் வேலையை அவருக்குப் பழக்கியதும் நான்தான். போர்டின் பெயர் எந்த வரியில் இருக்கிறது, அதை மாற்றினால் என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுத்தேன். கெட்டிக்காரர், ஒருதரம் காட்டினால் போதும்.

எங்களுடைய முதல் பெட்டி இறக்காமத்தில் ஒரு போடியாருக்குப் போனது. போடியார் என்றால் ஏக்கர்க் கணக்கில் வேளாண்மை செய்கிற பெரிய மனிதர். இவர் விதைநெல் காயவைத்துத் தன் வட்டையில், அதாவது ஒரே வாய்க்காலை நம்பிக் கிடக்கும் அந்த வயல்வெளியில், உள்ளவர்களுக்கெல்லாம் கொடுப்பவர். சாப்பாட்டு நெல்லுக்குச் சூடு கொஞ்சம் கூடினால் அரிசி உடையும், அவ்வளவுதான் நட்டம். விதைநெல் அப்படியல்ல. அளவைத் தாண்டினால் உள்ளே உயிர் செத்துவிடும். வெளியே பார்த்தால் நல்ல நிறமாக, கையில் அள்ளினால் சலசலவென்று, ஒரு குறையும் தெரியாது. அதனால் சூட்டைப் பார்க்கிற பகுதியை நான் உயிரைக் கொடுத்து எழுதினேன்.

அந்தப் போகம் அருமையாக முளைத்தது. போடியார் காக்காவிடம் எனக்கென்று சொல்லி ஒரு சட்டி எருமைத் தயிர் கொடுத்தனுப்பினார். அந்த மெஷினை அவர் "மகள்ட மெஷின்" என்றுதான் சொல்கிறார் என்று காக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. வீட்டுக்குள் இருந்து வேலை செய்கிற பெண்ணுக்கு ஊரில் "சும்மா கொம்பியூட்டர் தட்டிக்கிட்டு இரிக்கிறா" என்ற பெயர்தான் உண்டு. நான் கண்டிராத ஒரு பெரிய மனிதர், நான் மிதித்திராத ஒரு வயல்வெளியில், என் வேலையை என் வேலை என்று சொல்கிறார். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

அந்தக் கேர்னலில் நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருந்தேன். போர்ட் செய்கிறவர்கள் அதன் ஓரத்தில் சில கம்பிகளில் இது எந்த மாடல் என்று அடையாளம் வைத்திருப்பார்கள். பூட்லோடர் என்ன சொன்னாலும், என் கேர்னல் தானும் ஒருதரம் அந்த அடையாளத்தைப் படித்துப் பார்க்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் சூடாக்கியை நிறுத்திவிட்டுச் சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும். மற்றக் கேர்னல்கள் எப்படியோ, என்னுடையது முழு அப்பாவியாக இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள் காக்கா குர்பான் இறைச்சிப் பையோடு வந்தார். போடியார் பெரிய மெஷின் ஒன்று போடுகிறார், அறுவடைக்கு முன் புதுக் கொன்ட்ரோலர் வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். சோபாவில் இருந்து, என் பிள்ளையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே, அந்தச் சோதனையை எடுத்துவிட ஏலுமா என்று கேட்டார். கரண்ட் போய்ப் போய் வரும்போது மெஷின் காரணமில்லாமல் சிவப்பு லைட்டில் நின்றுவிடுகிறதாம், போடியாரின் ஆட்கள் போனில் கோல் எடுத்துத் தொல்லை தருகிறார்களாம். அப்படி நடக்க வழியில்லையே என்றேன் நான். அடுத்த முறை நின்றால் அது எழுதிவைக்கிற வரிகளைக் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன் என்றேன். காக்காவின் முகம் மாறியது.

"போர்ட் வாங்கிறவன் நான். அதுல பேர் போடுறவன் நான். என்ட சொல்லுக்கு மேல உனக்கு என்ன செக்கிங், தங்கச்சி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அடுக்களைக்குள் இருந்த உம்மா அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டார். எங்கள் ஊரில், வீடு கட்டித்தந்த காக்காவைப் பார்த்து, நீங்கள் சொல்வதை நானும் ஒருதரம் சரிபார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பெண் சொல்லமாட்டாள். அவர் கட்டிய கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அதை எந்த வாயால் சொல்வது? கொழும்பில் என் மேலதிகாரி இதே மாதிரி ஒன்றைக் கேட்டபோது முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான். காக்காவுக்கு அன்றைக்கே எடுத்துக்கொடுத்துவிட்டேன். இறைச்சி வேகுமுன் வேலை முடிந்துவிட்டது.

பெட்டி போனது, அறுவடை நடந்தது, நெல் காய்ந்தது, ஒரு குறையும் காதில் விழவில்லை. பிறகு மழை விழுந்து பெரும்போகத்து விதைப்புத் தொடங்கியது. விதைநெல்லை மூட்டையோடு ஊறப்போட்டுத் தூக்கி, ஈரச் சாக்கால் மூடிவைப்பார்கள். வெள்ளை முளை எட்டிப்பார்த்ததும் உழுது மட்டப்படுத்திய சேற்றில் வீசுவார்கள். அந்த வட்டைக்காரர்கள் மூட்டையை அவிழ்த்தபோது முளை இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப்பார்த்ததைத் தவிர மற்றதெல்லாம் புளித்த மணம். வேறு விதை தேடுவதற்குள் பக்கத்து வட்டைகள் விதைத்து முடித்துவிடும். இறக்காமத்துப் பக்கத்தில் எல்லோரும் ஒன்றாக விதைத்து ஒன்றாக வெட்டுவதற்குக் காரணம் யானை. மற்றவர்கள் வெட்டிக்கொண்டு போன பிறகு பிந்தி விதைத்தவனின் வயல் மட்டும் கதிரோடு தனியாக நிற்கும், காவலுக்கும் ஆள் இருக்காது. யானை நேரே அங்கேதான் வரும்.

காக்கா இதையெல்லாம் கோலில்தான் சொன்னார், வீட்டுக்கு வரவில்லை. சூடு பார்க்கிற இடத்தில் நான் எழுதியதில் ஏதோ பிழைபோல இருக்கிறது என்றார். அவர் மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை, வந்திருந்தால் அல்லவா ஆச்சரியம். நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் திருப்பித் திருப்பி வாசித்தேன். கடைசியாகச் செய்த ஒரே மாற்றம் அந்தச் சோதனையை எடுத்தது. அதனால் சூடு மாற வழியில்லை. ஆனாலும் ஒரு வட்டையின் விதை செத்திருக்கிறது, என் மெஷினில் வைத்துத்தான் செத்திருக்கிறது. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அழுதேன், தொழுகையில் அழுதேன். என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

போடியார் வரச்சொல்லி அனுப்பியிருந்தார். வாடகை வான் பிடித்துப் போகும்போது காக்கா, நீ ஒன்றும் கதைக்காதே, எல்லாவற்றையும் நான் கதைக்கிறேன் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்னைக் காப்பாற்றத்தான் இந்த மனிதர் முன்னால் நிற்கப்போகிறார் என்று நினைத்தேன்.

ஆண்கள் முன் மண்டபத்தில் இருந்தார்கள். என்னைப் பெண்கள் இருந்த உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். நடுவில் ஒரு பூப்போட்ட சீலை தொங்கியது. போடியாரின் மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்தார், ஆனால் கதைக்கவில்லை. விதை செத்த வீட்டுப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, தங்கள் வயல் உழுதபடி கிடக்கிறது, போடுவதற்கு ஒன்றும் இல்லை என்று யாரையும் பாராமல் சொன்னாள். அப்போது சீலைக்கு அந்தப் பக்கம் காக்காவின் குரல் கேட்டது.

"போடியார், போர்ட்டுல, பொட்டியில நான் ஒரு குறையும் வைக்கல்ல. புரோகிராம்தான் பிழச்சிட்டு. அது என்ட தங்கச்சி எழுதினது. புள்ளயும் வீடும் எண்டு அவக்குக் கவனம் செதறிப்போச்சு. அவக்காக நான் மாப்புக் கேக்கிறன்."

உள்ளறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வெட்கத்தோடு வெட்கமாக எனக்குள் நன்றியும் இருந்தது. எனக்காக ஒரு சபையில் மன்னிப்புக் கேட்கிறாரே என்று அவருக்காக இறைவனிடம் துஆச் செய்தேன். இன்றைக்கு எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமூட்டுவது அந்தத் துஆதான்.

ஆண்கள் சாப்பிட உட்கார்ந்ததும், மெஷினை ஒருதரம் பார்க்க ஏலுமா என்று போடியாரின் மனைவியைக் கேட்டேன். அவர் மெஷின் இருந்த கொட்டிலின் திறப்பை எடுத்துக்கொண்டு பின்வளவால் கூட்டிப்போனார். கொட்டிலுக்குள் என் லெப்டொப்பைப் பெட்டியோடு கொழுவி மெஷினை எழுப்பினேன். திரையில் வரிகள் ஓடின. பூட்லோடர் தன் பெயரைச் சொன்னது, பிறகு போர்டின் பெயரைச் சொன்னது. இது பழைய போர்ட்தான் என்றது. கேர்னலும் அதைக் கேட்டுக்கொண்டு, பழைய போர்டுக்குரிய சென்சர் என்று நினைத்துச் சூட்டைக் காட்டியது. கொட்டிலுக்குள் இருந்த சூடும் அது சொன்ன சூடும் சரியாகவே இருந்தன.

போடியாரின் மனைவியிடம் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் கேட்டேன். சென்சரையும் நான் கொண்டுபோயிருந்த கண்ணாடித் தெர்மோமீற்றரையும் அதில் சேர்த்து வைத்தேன். கண்ணாடி ஒன்று சொன்னது, திரை அதைவிடக் குறைவாக ஒன்று சொன்னது. தண்ணீர் ஆற ஆற இரண்டும் கிட்ட வந்தன, நன்றாக ஆறியதும் ஒன்றாகிவிட்டன. ஒரு வகைச் சென்சரை இன்னொரு வகை என்று நினைத்துப் படித்தால் இப்படித்தான் நடக்கும். சாதாரணச் சூட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஏற ஏறத்தான் விலகும். இவ்வளவு சூடு போதும் என்று என் கேர்னல் நம்பிய இடத்தில் நெல் அதைத் தாண்டி வெந்துகொண்டிருந்திருக்கிறது.

மூடியைத் திருகிக் கழற்றினேன். நாங்கள் பாவிக்கிற போர்ட் பச்சை. உள்ளே இருந்தது நீலம். அதே அளவு, அதே ஓட்டைகள், அதே இடத்தில் பூட்டியிருந்தது, ஆனால் வேறு போர்ட், அதோடு வந்த சென்சரும் வேறு வகை. ஓரத்துக் கம்பிகளில் இருந்த அடையாளத்தை நானே படித்துப் பார்த்தேன். அதுவும் வேறு. நான் எடுத்துவிட்ட சோதனை இருந்திருந்தால், முதல் நாளே சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

அப்போதும் என் மனம் அவருக்காக ஒரு சாட்டுத் தேடியது. கடைக்காரன் மாற்றி அனுப்பியிருப்பான், காக்கா கவனித்திருக்கமாட்டார் என்று. ஆனால் நீலப் போர்டில் பூட்லோடர் தானாகப் பழைய பெயரைச் சொல்லாது. யாராவது உட்கார்ந்து, நான் காட்டிக்கொடுத்த அந்த வரியைத் திருத்தி, எந்தப் போர்டில் எழும்பினாலும் இதைத்தான் சொல் என்று எழுதியிருக்க வேண்டும். பூட்லோடர் எப்போது கட்டப்பட்டது என்பதையும் அது தன் முதல் வரியிலேயே சொல்லும். நான் மேலே தள்ளிப் பார்த்தேன். பெருநாளைக்கு முந்திய கிழமை. இறைச்சிப் பையோடு வந்து என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபோது, பொய்யை எழுதி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அந்தப் பொய் தடங்கலில்லாமல் போவதற்கு என்னிடம் வழி கேட்டிருக்கிறார், அதையும் வீடு கட்டித்தந்த உரிமையோடு கேட்டிருக்கிறார்.

பக்கத்தில் கிடந்த நெல்மூட்டையில் உட்கார்ந்தேன். என்ன மகள் என்று போடியாரின் மனைவி கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அந்த நேரத்தில் காக்கா என்னைத் தேடிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார், போடியாரின் மனைவி தலையை மூடிக்கொண்டு வீட்டுப் பக்கம் விலகிப்போனார். காக்கா திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை. அதற்காவது நான் நன்றி சொல்ல வேண்டும்.

பழைய போர்ட் எங்கும் கிடைக்கவில்லையாம். இது கைவசம் கிடைத்ததாம். போடியார் அறுவடைக்கு முன் வேண்டும் என்று நெருக்கினாராம். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புதுப் போர்டுக்கு ஒரு புது விபரம் எழுதிக்கொடுத்திருப்பேனே, அது சின்ன வேலைதானே என்றேன். சொன்னால் நீ டெஸ்ட் பண்ண வேண்டும் என்று நிற்பாய், அறுவடை உனக்காக நிற்காது என்றார். அது உண்மை, நான் நின்றிருப்பேன். அதைக்கூட என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. அவசரத்தில் மனிதர்கள் மடத்தனம் செய்வதுதான்.

"அப்ப உள்ளுக்க வெச்சு ஏன் என்ட பேரச் சொன்னீங்க, காக்கா?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் நாளைக்கும் இந்த ஆக்கள்ற முகத்துல முழிக்கோணும். நீ ஊட்டுக்குள்ள இரிக்கிறவ. உனக்கு என்ன?"

வாய் திறந்து நான் ஏதாவது சொல்லுமுன், இங்கே வைத்து வேண்டாம், வாப்பாவுடைய பெயர் கெட்டுவிடும், வீட்டுக்குப் போய்க் கதைப்போம் என்றார். வாப்பாவின் பெயரைச் சொன்னதும் நான் வழக்கம்போல அடங்கிவிட்டேன். அவரே மூடியைப் பூட்டினார். வரும் வழியில் சம்மாந்துறை தாண்டும்போது எனக்கு இளநீர் வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டில் உம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். போர்டைப் பற்றி, பூட்லோடரைப் பற்றி அவருக்கு விளங்காது என்பதால், காக்கா ஒரு மெஷினுக்குள் வேறு மெஷினை வைத்துவிட்டு என்னைக் குற்றம் சொல்லிவிட்டார் என்று சுருக்கமாகச் சொன்னேன். உம்மா உள்ளிப்பல் உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவருக்கு இது புதிதல்ல.

"அவன் வெத செத்த அண்டைக்கே எனக்குக் கோல் எடுத்து அழுதிட்டான். நான்தான் சொன்னன், தங்கச்சிட பேரச் சொல்லு எண்டு. ஆம்பிளக்கிப் பேர் போனா தொழில் போயிரும்கா. உனக்குப் புருசன் இரிக்கிறாரு, ஊடு இரிக்கி. நீ தாங்குவாய்."

கோபத்தோடு சொல்லவில்லை, நாளைக்கு என்ன கறி என்று சொல்கிற குரலில் சொன்னார். நான் படித்துப் பட்டம் வாங்கிய நாளில் அயலெல்லாம் சர்க்கரைச் சோறு பங்கிட்ட உம்மா இவர்தான். அன்றைக்கு வாங்கிய பெயரை இன்றைக்கு எடுத்து மகனுக்குக் கொடுத்துவிட்டார், என்னிடம் கேட்கக்கூட இல்லை. காக்கா செய்தது எனக்குப் பயத்தில் செய்ததாகவாவது பட்டது. உம்மா செய்ததற்கு எனக்கு இன்றுவரை ஒரு பெயரும் கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரோடு நாள்கணக்கில் கதைக்காமல் இருந்தேன். அவர் வழக்கம்போல என் பிள்ளையைக் குளிப்பாட்டினார், எனக்குச் சோறு போட்டு மூடிவைத்தார்.

கணவரிடம் கேட்டேன். உங்கள் குடும்பத்து விஷயம், நான் நடுவில் வந்தால் வந்த மாப்பிள்ளை பிரித்துவிட்டான் என்பார்கள், ஆனால் நீ என்ன செய்தாலும் தடுக்கமாட்டேன் என்றார். நேர்மையான பதில்தான். அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

வாப்பாவின் பெயர், காக்காவின் பெயர், குடும்பத்தின் பெயர் என்று எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். என் பெயரை மட்டும் யாரும் தராசில் வைக்கவில்லை. அதைவிட, அந்த வட்டைக்காரர்கள் அடுத்த போகத்துக்கும் அதே நீலப் போர்டில்தான் விதை காயவைக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு காலையில் உம்மா குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கும்போது, பின்வளவில் நின்று போடியாருக்குக் கோல் எடுத்தேன். அவரோடு நான் நேரே கதைத்தது அதுதான் முதல்தடவை.

சலாம் சொல்லி, யார் என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். என் புரோகிராமில் பிழை இல்லை, பெட்டிக்குள் இருப்பது வேறு போர்ட், அதைப் பழைய போர்ட் என்று சொல்லும்படி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் சூடு பிழையாகத் தெரிந்தது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், மூடியைக் கழற்றிப் பாருங்கள், போர்ட் நீல நிறம், முந்திய போகத்தில் இருந்தது பச்சை, ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்றேன். பெரிய மனிதர், பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"மகள், உங்கட காக்கா முந்தாநாள் வந்து பொட்டியக் களட்டி எல்லாம் புதுசாப் பூட்டித் தந்துட்டுப் போனாரு. இப்ப நல்லா வேல செய்யிது. நீங்க கோல் எடுப்பீங்க எண்டும் சொன்னாரு. தங்கச்சி மனசு ஒடஞ்சி போய் இரிக்கிறா, போர்ட் பிழ எண்டுதான் கதைப்பா, நீங்க ஒண்டும் பெரிசா எடுக்க வேணாம் எண்டாரு."

ஒரு தரம், ஒரேயொரு தரம், உள்ளே பாருங்கள் என்றேன். அவர் எழும்பிப் போகிற சத்தமும், யாரையோ மூடியைக் கழற்றச் சொல்கிற சத்தமும் கேட்டது. எனக்காக அந்த வேலையையும் செய்தார். திரும்பி வந்து, பச்சைதான் மகள் என்றார்.

போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். காக்கா பழைய போர்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்துவிட்டார். அறுவடைக்கு முன் கிடைக்காத போர்ட், நான் வாய் திறப்பதற்கு முன் கிடைத்துவிட்டது. நான் அழுகிறேன் என்று போடியார் நினைத்தார். நான் அழவில்லை. அவர் குரலைத் தணித்து, தன் சொந்த மகளோடு கதைப்பதைப்போலக் கதைத்தார்.

"மனிசன் எண்டா பிழ வாறதுதான். மனசுல வெச்சிக்க வேணாம், மகள். நாங்க மன்னிச்சிட்டம். உங்களுக்காக நான் துஆச் செய்யிறன்."

உண்மையாகவே செய்வார். அப்படிப்பட்ட மனிதர். ஒருவர் எனக்காகத் துஆச் செய்கிறேன் என்று சொல்லும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆமீன் என்றேன்.